சூடு சொல்லாத கைப்பிடி

அத்தியாயம் 9

மூக்கருக்கு நான்கு நாளாக வயிற்றெரிச்சல். சாப்பாட்டுக் கோளாறு ஒன்றுமில்லை. கோட்டின் உள்பையில் மடித்து வைத்திருந்த ஒரு கடிதம்தான் காரணம்.

ஒரு வாரப் பத்திரிகை எழுதிய கடிதம். போன மாதம் கடிகாரக் கடைத் திருட்டைக் கண்டுபிடித்த 'கெட்டிக்கார உதவியாளரை'ப் பேட்டி எடுக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் அவருடைய புகைப்படம் வந்து சேர வேண்டுமாம். இருபத்திரண்டு வருடமாகத் துப்பறிந்து துப்பறிந்து மூக்கே பேராகிவிட்ட மனிதருக்குக் கடைசியில் ஒரே வரி: 'அவருடைய முதலாளிக்கும் எங்கள் வணக்கம்.' வணக்கமாம் வணக்கம்! யாருக்கு வேண்டும் அந்த வணக்கம்?

திங்கட்கிழமை வந்த கடிதத்தை மூக்கர் உதவியாளனிடம் காட்டவில்லை. கிழிக்கவும் மனம் வரவில்லை. இன்று வியாழன். இன்னும் ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும், தானாகவே காலாவதி ஆகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது இந்த வழக்கு. அதுவும் ஒரு சமையலறையில்! உதவியாளன் துப்பறிய வருவதற்கு முன்னால் மூன்று வருடம் ஓட்டலில் கரண்டி பிடித்தவன். அதனால்தான் அவனுக்குக் கரண்டி என்று பேர். பேர் வைத்ததும் மூக்கர்தான். கொஞ்சம் மட்டம் தட்டலாமே என்று வைத்தார். அவன் அதை விருது மாதிரி வைத்துக்கொண்டு திரிகிறான்.

"அஞ்சு மணிக்கு மாமா இந்தச் சமையலறைச் சாவியை அக்கா கையில குடுத்துடுவாரு சார். அதுக்கப்புறம் ஒரு வெங்காயம் எடுக்கணும்னாக்கூட நான் அவங்களைக் கேட்டுத்தான் எடுக்கணும்," என்றாள் இளைய மருமகள். அழுது முடித்து, அடுத்த அழுகைக்கு முன்னால் கிடைத்த இடைவெளியில் பேசினாள். சுவர்க் கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது.

விஷயம் இதுதான். குடும்பமே நடத்தும் உணவகம். மாமனார் முழங்கால் வலியோடு ஓய்வுக்குப் போகிறார். மூத்த மகன் வெளியூரில். சமையலறையை எந்த மருமகளிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்ய, இன்றைக்குப் பதினோரு மணிக்கு ருசி பார்ப்பதாக ஏற்பாடு. இளையவள் பத்தேகாலுக்குத் தன் இரும்பு வாணலியில் முழுக்கோழியை வைத்து, அடுப்பில் முதுகு சிவக்கவிட்டு, அப்படியே வாணலியோடு ஓவனுக்குள் தள்ளினாள். இருநூற்று முப்பது டிகிரி. பத்து நாற்பதுக்கு முகம் கழுவி உடை மாற்ற மாடிக்குப் போனாள். பத்து ஐம்பத்தைந்துக்குக் கீழே ஒரே நாற்றம். மூத்தவள் ஓடிவந்து ஓவனைத் திறந்தால், உள்ளே இரும்பு வாணலியைக் காணோம்! அதே கோழி, கறுப்புப் பிடி போட்ட நான்-ஸ்டிக் வாணலியில் உட்கார்ந்திருக்கிறது. பிடி கொப்புளித்துப் புகைகிறது. மாமனார் ஒரு வாய் வைத்தார். துப்பினார்.

"அடுப்புல எதை வைக்கணும், ஓவன்ல எதை வைக்கணும்னு தெரியாதவளுக்கா என் சாவின்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. அதோட நிக்கலை. ஜூஸ்ல ஐஸ்கூட இல்லைன்னு அதுக்கும் எனக்குத்தான் திட்டு," என்றாள். "நான் அந்தப் பாத்திரத்தைத் தொடவே இல்லை சார்!"

மூக்கர் தொண்டையைச் செருமினார். செருமி முடிப்பதற்குள் கரண்டி அந்த நான்-ஸ்டிக் வாணலியைத் தூக்கித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

"மேடம், இந்தப் பிடி அடுப்புக்குன்னு பொறந்தது," என்றான். "அடுப்புல தீ அடியில மட்டும்தான். பிடி பாட்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு காத்து வாங்கும். ஓவனுக்குள்ள போனா அந்தச் சலுகை கிடையாது. பாத்திரத்துக்கு என்ன சூடோ அதே சூடு பிடிக்கும், திருகாணிக்கும், மூடிக் குமிழுக்கும். அதான் ஓவன்ல வைக்கிறதுக்கு முன்னாடி பாத்திரத்தைப் பார்க்கறதைவிடப் பிடியைப் பார்க்கணும்."

"பாடம் போதும். விஷயத்துக்கு வா," என்றார் மூக்கர்.

"வந்துட்டேன் சார். ஆரம்பத்துலேருந்தே உள்ள இருந்திருந்தா இந்தப் பிடி கருகி விண்டு தனியா வந்திருக்கும். இது மேல மட்டும் கொப்புளிச்சிருக்கு. அடியில இன்னும் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கு. மிஞ்சிப் போனா பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம். இன்னொண்ணு, கோழி வெந்த பாத்திரம்னா கொழுப்பு தெறிச்சு சுத்திலும் பழுப்பா ஒரு கோடு விழுந்திருக்கணும். இங்க கோடும் இல்லை, ஒண்ணும் இல்லை. கோழி வேற எங்கயோ வெந்து, கடைசி நேரத்துல இந்த வீட்டுக்குக் குடி வந்திருக்கு."

இளையவளின் முகம் பூத்துவிட்டது. "இதைத்தானே நான் காலையிலேருந்து கத்திட்டிருக்கேன்! நீங்க சொன்னப்புறம்தாங்க எனக்கு உசிரே வந்துது," என்று கரண்டியைப் பார்த்துக் கும்பிட்டாள். கட்டணம் மூக்கருக்கு, கும்பிடு கரண்டிக்கு! மூக்கரின் காதில் புகை வராத குறைதான்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார்.

"ஆமா மேடம், சார் சொல்லத்தான் வந்தாரு. நான்தான் குறுக்க விழுந்துட்டேன்," என்றான் கரண்டி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அப்போது இளையவளின் கணவன் வலது கையில் ஓவன் கையுறையும், இரண்டு கையிலும் தேநீர்த் தட்டுமாக வந்தான். இந்த வீட்டின் இரண்டாவது மகன், அவனும் சமையல்காரன்தான். மனைவிக்கு ஒன்றென்றால் துடித்துப்போகிற ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது. துப்பறிகிறவர்களைக் கூப்பிடலாம் என்று அவள் சொன்னபோது தலையாட்டியவனும், வந்தவர்களை வாசல் வரை வந்து வரவேற்றவனும் அவன்தான். மூக்கர் ஒரு வாய் குடித்தார். ஆறி அவலாகிப் போன டீ.

"நல்லாக் கண்டுபிடிங்க சார்," என்றான் கணவன். "இவ கைப்பக்குவத்துக்குத்தான் ஊரே வருது."

"வாசல்ல போர்டுலகூட மேடத்தோட பேருதான் பெருசா இருக்கு, பார்த்தேன்," என்றான் கரண்டி.

கணவன் சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் தாமதித்து வந்தது. உதடு மட்டும் விரிந்தது. கண் அப்படியே இருந்தது. எங்கேயோ அடிக்கடி பார்த்த சிரிப்பாக இருக்கிறதே என்று மூக்கருக்குத் தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

அந்தக் கடுப்பில் மூக்கர் தன் சொந்த ஆயுதத்தை எடுத்தார். கண்ணை மூடி மூக்கை விடைத்து, சமையலறையைச் சுற்றி நடந்தார். கருகிய பிடியின் நெடி ஒரு பக்கம் குத்தியது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது, மெழுகுவத்தியை ஊதி அணைத்தால் வருமே, அந்த வாசனை. அது கீழ் ஓவனிலிருந்து வரவில்லை. அதற்கு மேலேயிருந்த இன்னொரு ஓவனிலிருந்து வந்தது.

"இதுக்குள்ள என்ன?"

"குப்பை," என்று வாசலிலிருந்து பதில் வந்தது. மூத்த மருமகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "நாலு வருஷமா ரிப்பேர். டப்பா மூடிங்க, தட்டுங்க எல்லாம் அதுக்குள்ள போட்டு வெச்சிருக்கோம். அலமாரி மாதிரி."

"நல்லவேளை ரிப்பேர்," என்றான் கரண்டி. "உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம ஓவனை மூட்டுற ஜனங்க எத்தனை பேரு தெரியுமா? ஒரு தடவை எங்க ஓட்டல்ல மேனேஜரோட செருப்பே வெந்துது."

மூக்கர் ஒரு இழுப்பில் கதவைத் திறந்தார்.

பிளாஸ்டிக் மூடிகள் ஒன்றோடொன்று உருகி, வெள்ளையும் நீலமுமாக ஒரு குட்டை கட்டி இறுகியிருந்தன. குட்டையின் நடுவே கோணல்மாணலாக உட்கார்ந்திருந்தது இரும்பு வாணலி. பிடியும் பாத்திரமும் ஒரே வார்ப்பு. பிடியின் நுனியில் ஆணியில் மாட்டுவதற்கு ஒரு வட்டத் துளை.

"என் வாணலி!" என்று இளையவள் பாய்ந்தாள். "எங்கம்மா குடுத்தது சார்!"

மூக்கருக்கு நெஞ்சு அரை அங்குலம் நிமிர்ந்தது. கரண்டியைப் பார்த்தார். கரண்டி மனதாரக் கைதட்டினான். பொறாமைப்படத் தெரியாத ஜென்மம், அதுவும் ஒரு எரிச்சல்தான்!

"இனிமே கேளுங்க," என்றார் மூக்கர், மேடைப் பேச்சாளர் தோரணையில். "வாணலி கொதிக்கக் கொதிக்க உள்ள வந்திருக்கு. வெச்ச மாதிரி இல்லை, எறிஞ்ச மாதிரி கிடக்கு. தரையைப் பாருங்க, அடுப்புக்கும் ஓவனுக்கும் நடுவுல கொழுப்பு சிந்தியிருக்கு. தூக்கினவங்க பாதியில கையைச் சுட்டுக்கிட்டாங்க. பதினோரு மணிக்கு ஜூஸ்ல போட ஐஸ் இல்லை. ஐஸ் எங்க போச்சு? சுட்ட கைக்குப் போச்சு! யாருக்கு இந்தச் சாவி வேணுமோ அவங்க உள்ளங்கையில தழும்பு இருக்கும்." திடீரென்று திரும்பி விரலை நீட்டினார். "அம்மா, கட்டின கையை அவிழ்த்துக் காட்டுங்க!"

மூத்தவள் நிதானமாக அவிழ்த்தாள். இரண்டு உள்ளங்கையையும் அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். கோதுமை மாவு ஒட்டியிருந்தது. ஊதினாள். மாவு மூக்கர் முகத்தில் போய் ஒட்டியது. கையில் ஒரு சிவப்புக்கூட இல்லை.

கரண்டி மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

"பொறாமை இருக்கு சார், இல்லைன்னு சொல்லமாட்டேன்," என்றாள் மூத்தவள். "நான் பதினோரு வருஷமா இங்க வேகறேன். இவ வந்து மூணு வருஷம். வர்றவன் போறவன் எல்லாம் இவ பேரைச் சொல்லும்போது எனக்குப் பத்திக்கிட்டுத்தான் வரும். இன்னைக்குக் காலையிலகூட இவ கோழி வேகாம போகட்டும்னு வேண்டிக்கிட்டேன். ஆனா வெந்த கோழியைக் கெடுக்கறதுக்கு எனக்குக் கை வராது. நானும் சமைக்கிறவதான்."

இளையவள் அவளை வெறித்துப் பார்த்தாள். மூன்று வருடத்தில் அக்கா தன்னிடம் பேசிய உண்மையான பேச்சு இதுதான் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"அது மட்டுமில்லை," என்று மூத்தவள் இடுப்பிலிருந்த பிடிதுணியை உருவினாள். "நான் துணியில்லாம தண்ணி டம்ளரைக்கூடத் தொடமாட்டேன். இந்த வீட்டுச் சட்டத்துல எனக்கு நம்பிக்கை கிடையாது."

"என்ன சட்டம்?" என்றான் கரண்டி.

மூத்தவள் சுவரைக் காட்டினாள். எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த அட்டையில் மாமனாரின் கையெழுத்து: ஓவனிலிருந்து வந்த பிடியில் துணி தொங்க வேண்டும்.

"எடுத்தவங்க பிடி மேல துணியைப் போட்டுட்டுத்தான் நகரணும். துணி இருந்தா சூடு. துணி இல்லைன்னா ஆறிடுச்சு. மாமாவும் அவர் பிள்ளைங்களும் சின்ன வயசுலேருந்து இப்படித்தான். துணி இல்லாத பிடியைப் பார்த்தா யோசிக்கவே மாட்டாங்க, வெறுங்கையால தூக்கிடுவாங்க. வெளியேருந்து வந்தவ நான், எனக்குப் பயம். இவளுக்கும் பயம்தான்."

மூக்கர் முகத்தைத் துடைக்க எடுத்த கைக்குட்டை அப்படியே நின்றது.

ஆள் வருகிறான். துணியால் பிடித்து இரும்பு வாணலியை வெளியே எடுத்து அடுப்பு மேல் வைக்கிறான். துணியைப் பிடி மேல் போடுகிறான், பழக்கம். இடுக்கியால் கோழியை மற்ற வாணலிக்கு மாற்றுகிறான். அதை உள்ளே தள்ள, கொதிக்கிற ஓவன் தட்டை இழுக்க வேண்டும், துணியை உருவுகிறான். தள்ளி முடித்துத் திரும்பினால் அடுப்பு மேல் ஒரு வாணலி, பிடியில் துணி இல்லை. துணியை எடுத்ததே அவன்தான், மூளைக்குத் தெரியும். ஆனால் கைக்கு முப்பது வருடத்துச் சட்டம் மட்டும்தான் தெரியும். கை போய்ப் பிடித்துவிட்டது.

வெளியிலிருந்து வந்த யாருக்கும் இந்தத் தப்பு நடக்காது. இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் நடக்கும். மாமனார் பத்து மணியிலிருந்து கூடத்தில் விருந்தாளிகளோடு. மூத்த மகன் வெளியூரில்.

அந்தச் சிரிப்பை எங்கே பார்த்தோம் என்பதும் அப்போது மூக்கருக்குப் பிடிபட்டது. திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலையில், சவரம் செய்கிற கண்ணாடியில்.

வெற்றிக் களிப்பு வரவேண்டிய நேரம். வரவில்லை. "தம்பி," என்று மெதுவாகக் கூப்பிட்டார். "நீங்க குடுத்த டீ ஆறிப்போயிருந்துது. ஆறின டீயைக் கொண்டு வர வலது கையில எதுக்கு ஓவன் கையுறை?"

கணவன் கையைப் பின்னால் கொண்டுபோனான். இளையவள் முதலில் புரியாமல் சிரித்தாள். "அவர் எப்பவும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவன் பக்கத்தில் போய், சட்டைப் பித்தானைக் கழற்றிவிடுகிற மாதிரி அந்தக் கையுறையை உருவினாள்.

உள்ளங்கையில் குறுக்கே செக்கச் சிவந்த ஒரு பட்டை. பட்டையின் ஒரு முனையில் ஒரு வட்டம் மட்டும் சுடாமல், தோல் நிறத்தில் இருந்தது. கரண்டி பேசாமல் இரும்பு வாணலியைத் தூக்கிப் பிடியின் நுனித் துளையைக் காட்டினான். அளவெடுக்கத் தேவையே இல்லை.

"எட்டு வருஷம் நான்தான் இங்க சமைச்சேன்," என்றான் கணவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒருத்தன்கூட யார் சமைச்சதுன்னு கேட்டதில்லை. நீ வந்து ஆறே மாசத்துல என்கிட்டயே வந்து, இன்னைக்கு அந்தம்மா இருக்காங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னா திரும்பிப் போயிட்டாங்க. என் கண்ணு முன்னாடி திரும்பிப் போனாங்க. நீ அழிஞ்சு போகணும்னு நினைக்கலை. ஒரே ஒரு நாள் நீயும் சுமாரா இருக்கணும்னு நினைச்சேன்."

"ஒரு நாளா? அஞ்சு மணிக்கு என்னை வெளிய நிறுத்தியிருப்பாங்க. நான் காலையிலேருந்து அழுதிட்டிருக்கேன், நீங்க டீ போட்டுக் குடுத்துக்கிட்டிருந்தீங்க."

அவன் சுட்ட கையை மடக்கப் பார்த்து, முடியாமல் விரித்தான்.

"எரியுதா?" என்று கேட்டாள்.

"ம்."

"எரியட்டும்."

கூடத்திலிருந்து கைத்தடிச் சத்தம் வந்தது. மாமனார் சாவிக்கொத்தோடு வாசலில் நின்றார். இரும்பு வாணலியைப் பார்த்தார், உருகிய மூடிகளைப் பார்த்தார், மகனின் கையைப் பார்த்தார். இந்தச் சமையலறையை உண்டாக்கின மனிதருக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அட்டையை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சாவியை இளையவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். மறுக்கிற மாதிரி நடிக்கவும் இல்லை, காலில் விழவும் இல்லை. "அக்கா, நாளையிலேருந்து காலைச் சமையல் நீங்க, சாயங்காலம் நான். உங்க பேரும் போர்டுல வரணும்," என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பாமலே, "அவர் நாளைக்கு வரட்டும். வெங்காயம் உரிக்க ஒரு கை போதும்," என்றாள். ஆனாலும் போகிற போக்கில் முதலுதவிப் பெட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட்டுத்தான் போனாள்.

தெருவில் வெயில் இறங்கியிருந்தது. கரண்டி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். "எப்படி சார் புருஷன்னு புடிச்சீங்க? நான் ஓட்டல்ல குப்பை கொட்டினவன், எனக்கே தோணலை. இந்த ஒரு வழக்குக்கே உங்களுக்குச் சிலை வைக்கலாம். மூக்குக்குத்தான் கல்லு நிறையச் செலவாகும்."

மூக்கர் நடுத்தெருவில் நின்றார். உள்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். நாலாக மடித்த மடிப்பில் அது கிழியத் தொடங்கியிருந்தது. "திங்கட்கிழமை வந்துது. உனக்கு. நான்... குடுக்கலை."

கரண்டி அதைப் பிரிக்கவில்லை. தன் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு புகைப்படத்தை எடுத்தான். தலைக்கு எண்ணெய் வைத்து, படிய வாரி, புதுச் சட்டையோடு நின்றிருந்தான் அதில்.

"தெரியும் சார். உங்க கோட்டைச் சலவைக்குப் போடறது யாரு? செவ்வாய்க்கிழமையே படம் எடுத்துட்டேன்."

"அப்புறம் ஏன்டா கேட்கலை?"

"நீங்களா குடுக்கறீங்களான்னு பார்த்தேன்."

"குடுக்காம விட்டிருந்தா?"

கரண்டி எப்போதும் எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பான். இப்போது வைத்திருக்கவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் வேலையை விட்டுப் போயிடலாம்னு இருந்தேன்," என்றான்.

மூக்கருக்கு, அந்தச் சமையலறையில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

"மணி என்ன?"

"அஞ்சே கால் சார்."

"முக்குத் தபால் பெட்டியில அஞ்சரைக்கு எடுப்பான். நட."

அவருக்கு வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் புதுச் சட்டை அவனுக்கு எடுப்பாக வேறு இருந்து தொலைத்தது. ஆனாலும் கரண்டியைவிட நாலு அடி முன்னாலேயே நடந்தார்.